புகைக்கசிவை முறையாகச் சரிசெய்த நாமக்கல் பட்டறை

எங்கள் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி, லோடு ஏற்றி மேடு ஏறும்போது இழுவை குறைந்து கரும்புகை தள்ளியதும், முதலில் பார்த்த மெக்கானிக் டர்போவையே (புகையின் அழுத்தத்தால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) மாற்றச் சொன்னார். மனம் ஒப்பாமல் நாமக்கல்லில் ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டு சென்றேன்.

அங்கிருந்த மூத்த மிஸ்திரி, இரவு முழுவதும் ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதுகொடுத்துக் கேட்டார். சூடேறி இரும்பு விரிந்தால் இடைவெளி அடைபட்டு, புகை கசியும் 'டக் டக்' ஓசை அடங்கிவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம். பிறகு, சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி சிலிண்டர் ஓரத்தில் படிந்திருந்த கரிக்கோட்டை டார்ச் அடித்துக் காட்டினார். டர்போவுக்கு முன்பே புகை கசிந்தால், டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வெளியேறிவிடுகிறது. உள்ளே தள்ளப்படும் காற்று குறைவதால் டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாகிறது.

மேனிஃபோல்டைக் கழற்றியபோது, அதை இன்ஜினோடு பிணைக்கும் இரண்டு ஸ்டட்கள் (மரையுள்ள கம்பிகள்) முறிந்திருந்தன. இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிடாமல், நேர்விளிம்புச் சட்டத்தையும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜையும் வைத்து மேனிஃபோல்டின் வளைவை அளந்து, லேத் பட்டறைக்கு அனுப்பிச் சமன்செய்து வாங்கினார்கள். இந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய ஸ்டட்களைப் போட்டு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து இருபுறமும் படிப்படியாக இறுக்கினார்கள். சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி வரச்சொல்லி, இன்ஜின் ஆறியதும் இறுக்கத்தைச் சோதித்தார்கள்.

லேத் வேலைக்காக இரண்டு நாள் வண்டி நின்றது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் லோடு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆனாலும் பழைய டர்போவே இன்றும் முழு இழுவையோடு ஓடுகிறது.