6 வருஷமா ஒரே கேன்வாஸ் டென்ட், வாங்கப் போறவங்களுக்கு

2019ல வாங்குனது, இந்த சீசனோட 6 வருஷம் ஆச்சு. நடுவுல 2020ல கொரோனாவால கேம்ப் எதுவுமே நடக்கல, மத்தபடி வருஷத்துக்கு ஆறேழு வீக்கெண்ட் இங்கிலாந்துல ஏதோ ஒரு புல்வெளியில இதுக்குள்ளதான் தூக்கம். எங்க குழு 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ சாக்சன், அதாவது அப்போ இங்கிலாந்துல இருந்த மக்களோட வாழ்க்கைய, அதே மாதிரி உடுத்தி, தங்கி செஞ்சு காட்டுற குழு, அதனால நான் எடுத்தது கெடெல்ட்ங்கற அந்தக் காலத்து மாதிரி கூடாரம். ரெண்டு கழிய நட்டு, மேல குறுக்க ஒரு கழி வெச்சு, துணிய போத்தி சுத்திவர முளையடிச்சு இழுத்துக் கட்டணும், ரெண்டு முனையும் அரைவட்டமா இருக்கும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குறது அந்த மிருகத்தலை செதுக்குன பலகை வெச்ச வைக்கிங் டென்ட்தான். அழகுதான், கயிறே இல்லாம நிக்கும், கல்லுத் தரையிலயும் நிக்கும், அத நான் மறுக்கல. ஆனா அந்த மாடல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க, நார்வேல 1880ல தோண்டுன கோக்ஸ்டாட் கப்பல், 1904ல தோண்டுன ஓசெபெர்க் கப்பல், ரெண்டுமே பெரிய இடத்து ஆளுங்கள பொதைச்ச கப்பல். ஓசெபெர்க்ல கி.பி. 834ல ரெண்டு பெண்கள அவ்ளோ செல்வத்தோட பொதைச்சிருக்காங்க, அதுல இருந்த கூடாரத்த வெச்சு சாதாரண குடியானவனும் இதுலதான் படுத்தான்னு காட்டுறது எனக்கு மனசு ஒப்பல. கெடெல்ட் மாதிரி கூடாரம் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கிற 11ஆம் நூற்றாண்டு பைபிள் ஓவியங்கள்ல வருது, எங்க காலத்துக்கு அது போதும். துணி விஷயத்துல யாருமே முழுசா சரி கிடையாது, நாம போடுறது காட்டன் கேன்வாஸ், அந்தக் காலத்துக்கு லினனோ கம்பளியோதான் பொருந்தும், பாக்க வர்றவங்க கேட்டா அத அப்படியே சொல்லிடுவேன்.

மழைக்கு வருவோம். புது கேன்வாஸ் முதல் மழையில தையல் ஓட்டை வழியா சொட்டும், பயந்துறாதீங்க, நூல் நனைஞ்சு ஊதி ஓட்டைய அடைச்சுக்கும், வீட்லயே ரெண்டு தடவ நனைச்சு காய வெச்சுட்டுப் போனா நல்லது. உள்பக்கம் எதுவும் துணியில படக்கூடாது. 1066ல நார்மன்கள் ஆங்கிலோ சாக்சன்கள தோக்கடிச்ச ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த, பேட்டில்ங்கற ஊர்ல ஒரு அக்டோபர் கேம்ப், என் கம்பளி மூட்டை ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சிருந்திருக்கு, காலையில அந்த மூட்டைய புழிஞ்சா தண்ணி, மத்த இடமெல்லாம் காஞ்சு கெடக்கு. அப்புறம் கயிறு, ஹெம்ப் கயிறு நனைஞ்சா சுருங்கும், அதனால படுக்கப் போறப்ப எல்லா கயித்தையும் கொஞ்சம் தளத்தி விட்டுருவேன், இல்லனா ராத்திரி முளைய பிடுங்கிரும் இல்ல துணி கிழியும்.

இதுல உண்மையான வேலை காய வைக்கிறதுதாங்க. மூணாவது வருஷம் ஞாயித்துக்கிழம ராத்திரி மழையிலயே சுருட்டி கார்ல போட்டேன், திங்கக்கிழம ஆபீஸ், செவ்வா உடம்பு முடியல, புதன் எடுத்துப் பாத்தா கீழ்ப்பக்கம் பூரா கருப்புப் புள்ளி, அந்த வாடை இருக்கே. பிரஷ் போட்டு தேய்ச்சதுல வாடை போச்சு, புள்ளி இன்னும் இருக்கு. ப்ளீச் போட்டுறாதீங்க, காட்டன் நூலே செத்துப்போகும், சோப்புப் பவுடரும் வேணாம், தண்ணி ஒட்டாத பூச்சு போயிரும். இப்பல்லாம் எவ்ளோ அலுப்பா வந்தாலும் அன்னிக்கு ராத்திரியே வீட்டுக் கதவுங்க மேல, மாடிப்படி கைப்பிடி மேலன்னு விரிச்சுப் போட்டுருவேன், மூணு நாள் ஆகும், வீட்ல இருக்கிறவங்க பொறுத்துக்கணும். இடமே இல்லாத ஃபிளாட்னா வாங்குறதுக்கு முன்னாடி இத நல்லா யோசிங்க.

தூங்குற சுகத்துக்கு ஈடே இல்ல, நைலான் டென்ட்ல காலையில உள்ள தண்ணி வேர்த்து சொட்டுமே, அது இதுல ரொம்பக் கம்மி, வைக்கோல் மேல ஆட்டுத்தோல் ரெண்டு போட்டா அக்டோபர்லயும் தாங்கும். துணிக்குள்ள காத்து போகுதுன்னு நம்பி கரி அடுப்ப மட்டும் உள்ள கொண்டு வராதீங்க, அணைஞ்ச மாதிரி இருக்கிற கரியும் கார்பன் மோனாக்சைடு விடும், அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும்.

இப்போதைக்கு உச்சியில கழி உரசுற இடத்துல மட்டும் துணி மெலிஞ்சிருக்கு. குளிர்காலத்துல அங்க ரெண்டு மடிப்பா ஒட்டுப் போட்டு தைச்சுட்டு, பூச்சு ஒரு தடவ அடிச்சா ஏப்ரல் கேம்புக்கு ரெடியாகிடும்.