அழுத்தம் குறைந்ததும் மோட்டாரைத் தூக்காதீர்கள்: என் போர்வெல்லோடு ஆறு வருடம்

போர்வெல்லில் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற) மோட்டார் இறக்கி, தோட்டத்துக்கு ஸ்பிரிங்க்ளரும் சொட்டுநீரும் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று முறை அழுத்தம் விழுந்துவிட்டது. மூன்று முறையும் காரணம் வேறு, ஒரு முறைகூட மோட்டார் பழுதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு முதலில் கிடைத்த யோசனை "மோட்டாரை மாத்திடுங்க" என்பதுதான்.

முதல் முறை ஃபில்டர். டிஸ்க் ஃபில்டரைக் கழற்றினால் தட்டுகளுக்கு நடுவே வண்டல் களிம்பு மாதிரி அப்பியிருந்தது, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியதும் தண்ணீர் பழையபடி பீய்ச்சியது. அன்றைக்கே ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிரஷர் கேஜ் மாட்டினேன். இத்தனை வருடத்தில் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். இரண்டு முள்ளுக்கும் அரை பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) வித்தியாசம் வந்தால் ஃபில்டரைக் கழுவுகிறேன். இரண்டும் சேர்ந்து இறங்கினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

மூன்றாம் வருடம் அப்படித்தான் இறங்கியது, 2.8 பாரிலிருந்து 1.6க்கு. லைனில் எங்காவது பைப் உடைந்தாலும் இப்படித்தான் காட்டும், அதனால் லைன் வால்வை அடைத்துவிட்டு போர் வாயிலேயே 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். புதிதில் 14 விநாடியில் நிறைந்த வாளி 23 விநாடி எடுத்தது. ஆக லைன் இல்லை, கிணற்றுப் பக்கம்தான். வயரைக் கவ்வி மின்னோட்டம் பார்க்கிற கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் வழக்கம்போல இருந்தது, வோல்டேஜும் குறையவில்லை, கெபாசிட்டரையும் சோதித்தாகிவிட்டது. மோட்டார் தன் வேலையைச் செய்கிறது என்றால் தண்ணீர் எங்கே போகிறது? இன்னொன்றும் கவனித்தேன்: மோட்டார் போட்டதும் முதலில் புஸ் புஸ்ஸென்று காற்று வந்து அப்புறம்தான் தண்ணீர் வந்தது. மோட்டார் ஓடும்போது கேசிங் பைப் (போர் துளையின் சுவரைத் தாங்குகிற வெளிப் பைப்) வாயில் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே சோவென்று தண்ணீர் விழுகிற சத்தம். வெளியே எடுத்தபோது தண்ணீரை மேலே கொண்டுவருகிற ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளில் மூன்றாவதன் மரை அருகே துருப்பிடித்து ஓட்டை, சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு. ஏறிய தண்ணீரில் பெரும் பங்கு திரும்பக் கிணற்றுக்கே போயிருக்கிறது, மோட்டார் நின்றதும் பைப்பில் நின்ற தண்ணீரும் அந்த வழியாகவே இறங்கியிருக்கிறது. அந்த ஒரு பைப்பையும் கப்ளிங்கையும் மாற்றினோம், அதே மோட்டாரை மறுபடி இறக்கினோம்.

ஐந்தாம் வருடம் கோடையில் நீர்மட்டம் இறங்கியது. மட்டம் 10 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 பார் போய்விடும், அதற்குப் பெரிய மோட்டார் மருந்தல்ல, ஊறுகிற தண்ணீரைவிட வேகமாக இழுத்தால் காற்றை இழுத்து மோட்டார் எரியும். அதனால் எட்டு ஸ்பிரிங்க்ளரை நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் வால்வு வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறேன், கூடவே தண்ணீர் வற்றினால் தானாக நிறுத்துகிற டிரை ரன் பாதுகாப்பும் போட்டேன். தண்ணீர் பாய்ச்ச நேரம் இரட்டிப்பாகிறது, ஆனால் ஒவ்வொரு தலையும் தன் வட்டம் முழுக்கச் சுற்றுகிறது, செடிக்கு வேண்டியதும் அதுதானே.

மாதம் ஒரு முறை வாளி கணக்கை நோட்டில் எழுதி வைக்கிறேன். கடந்த சில மாதமாக வாளி அடியில் மெல்லிய மணல் தங்குகிறது, 14 விநாடி 17 ஆகியிருக்கிறது, காதுக்குச் சத்தம் எதுவும் இல்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் மணலில் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், இந்த முறை மோட்டாரைத் தூக்கத்தான் வேண்டும்.