தங்கச்சிக்கு கொமன் அப்: நாலு நட்சத்திரம்

வவுனியாவில் ஒரு முகவர் 75,000 ரூபாய் கேட்டார். அமெரிக்காவின் சிறிய தாராளக்கலைக் கல்லூரி (கலையும் அறிவியலும் பரவலாகப் படிப்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) என்றதும் பேச்சை கனடா டிப்ளோமாவுக்குத் திருப்பிவிட்டார். சரி என்று, மாங்குளத்தில் வீட்டிலிருந்தே கொமன் அப்பில் (Common App, பல கல்லூரிகளுக்கு ஒன்றாக விண்ணப்பிக்கும் இணையத்தளம்) போட்டோம்.

கணக்குத் திறக்கக் காசில்லை. ஒரே படிவம், 20 கல்லூரிகள் வரை. விண்ணப்பக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. விலக்குக் கேட்க இடமுண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது கட்டுரைப் பகுதி. 650 சொல்லுக்கு மேல் விடாது. எங்கள் பிள்ளைகளுக்கு உயர்தரப் பரீட்சை இசட் புள்ளியைச் சொல்லத் தெரியும், தன்னைப் பற்றிச் சொல்லத்தான் வராது. தங்கச்சி முதலில் யுத்தத்தை எழுதினாள். அப்போது அவள் கைக்குழந்தை! அப்புறம், றோட்டில் நெல் காயவிடும்போது மழையைப் பார்த்து அம்மாவோடு போடும் சண்டையை எழுதினாள். அதில்தான் அவள் இருந்தாள்.

பாடசாலை ஆலோசகர் மாணவரைப் பற்றித் தரும் கவுன்சிலர் அறிக்கைக்கு வன்னியில் ஆளுக்கு எங்கே போவது? அதிபரே நிரப்பலாம். இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் வரும், பக்கத்தில் இருந்து முடிப்பது நல்லது.

உதவிப்பண வேலை கொமன் அப்போடு முடிந்துவிடாது. குடும்ப வருமான விவரம் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் (CSS Profile) படிவத்தைப் பல கல்லூரிகள் தனியாகக் கேட்கும். வயல்காரருக்கு ஏது சம்பளப் பட்டியல்? வருமானத்தை விளக்கிக் கடிதம் வைத்தோம். ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகளே வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்தேவையைப் பார்க்காமல் தெரிவு செய்கின்றன. மற்ற இடங்களில் நீங்கள் கேட்கும் தொகையும் முடிவைத் தொடும்.

புதிய ஆண்டுக்கான படிவம் ஆகஸ்ட் 1 திறக்கும்.