ஃபுல்லரீன் அளக்க வோல்டாமெட்ரி: சேலத்து வெயிலில் சில வருட அனுபவம்

கோரிமேடு பக்கம், ஏற்காடு அடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், கரைந்த நிலையில் இருக்கும் சி60-ஐ (60 கார்பன் அணுக்கள் பந்து போலக் கோத்திருக்கும் ஃபுல்லரீன் மூலக்கூறு) வோல்டாமெட்ரி என்ற மின்வேதியியல் முறையில், அதாவது மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தைப் பார்க்கும் முறையில், சில வருடங்களாக அளந்து வருகிறோம். எங்களுக்குப் பிடித்துப்போன முறைதான். ஆனால் எல்லாரையும் அதற்கான கருவியை வாங்கச் சொல்ல மாட்டேன்.

நிறமாலைமானி (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) 335 நானோமீட்டரில் உறிஞ்சலைக் காட்டும், சரி. கூடவே வேறு நிறச் சரக்கு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே கணக்கில் எழுதிவிடும். வோல்டாமெட்ரியில் அந்த ஏமாற்று குறைவு. சி60 எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் மின்னோட்ட வரைகோட்டில் ஓர் அலை வரும். முதல் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 0.4 வோல்ட். 1992-ல் வேதியியலாளர் எச்செகோயன் குழுவினர் −10 டிகிரியில் ஆறு அலைகளையும் பிடித்துக் காட்டினார்கள். அளவு தெரிய நமக்கு முதல் அலையின் உச்ச மின்னோட்டமே போதும். 70 கார்பன் அணுக்கள் கொண்ட இன்னொரு ஃபுல்லரீனான சி70-யும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வரும். இரண்டும் கலந்திருந்தால், கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிக்குத்தான் போக வேண்டும்.

கரைப்பான்தான் பெரிய தலைவலி. டொலுவீனில், மின்னோட்டத்தைக் கடத்தச் சேர்க்கும் மின்பகு உப்பு சரியாகக் கரையாது, அசிட்டோநைட்ரைலில் சி60 கரையாது. இரண்டையும் கலந்து, டொலுவீனைத் தூக்கலாக வைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆக்சிஜனும் அதே மின்னழுத்த எல்லைக்குள் தன் அலையைக் காட்டும் என்பதால் முதலில் நைட்ரஜன் விட்டு அதை விரட்ட வேண்டும். சேலத்தில் சித்திரை, வைகாசியில் இதைச் செய்து பாருங்கள்! குமிழியோடு கரைப்பானும் கிளம்பிவிடும், அசிட்டோநைட்ரைல்தான் முதலில். மீதமுள்ள கரைசலின் செறிவு ஏறி, இல்லாத சி60-ஐக் கணக்கில் காட்டும். அதனால் வாயுவை அதே கலவை நிரப்பிய இன்னொரு பாட்டில் வழியாக விட்டு, நனைத்த பிறகே அளக்கும் கலத்துக்குள் அனுப்புகிறோம். இது செய்யாத ஆய்வுக்கூடத்தின் கோடை எண்களை நான் நம்ப மாட்டேன்.

கண்ணாடிக் கார்பன் மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினா பொடியில் தேய்ப்பது தினசரி வேலை. அலுத்துப்போய் ஒருநாள் விட்டால் அலை தட்டையாகிவிடும். மின்சாரம் ஏறி இறங்கினால் அடிக்கோடும் ஆடும், யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், தண்ணீர் மாதிரிகள். அதில் சி60 கரைந்திருப்பதில்லை, நுண்திரள்களாக மிதக்கிறது. நேராக மின்முனையை விட்டால் ஒன்றும் உருப்படியாக வராது. உப்பு போட்டு, டொலுவீனில் குலுக்கிப் பிரித்தெடுத்த பிறகே அளக்க வேண்டும்.

சுத்தமான டொலுவீன் கரைசலில் செறிவு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு நிறமாலைமானியே மலிவு, வேகமும்கூட. மாதிரி கலங்கலாக, நிறம் குழம்பி வருகிறவர்கள் மட்டும் வோல்டாமெட்ரிக்கான கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டில் பணத்தைப் போடலாம்.