நரன் தூல் சந்தை: மங்கோலியக் குளிருக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பணிப் பரிமாற்றத்துக்காக நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் மங்கோலியத் தலைநகர் உலான்பத்தூர் போகிறவர்கள், குளிர் உடுப்பு அத்தனையையும் ஊரிலேயே வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டியதில்லை. நகரின் கிழக்குப் பக்கம் இருக்கும் நரன் தூல் சந்தையில் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதியை அங்கே தொடாமல் இருப்பதே நல்லது.

அங்கே போக முதல் காரணம் பூட்ஸ். சனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். நாம் வழக்கமாகப் போடும் ஷூவின் அடிப்பகுதி அந்தக் குளிரில் விறைத்து, நடைபாதையில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியில் பிடிமானமே இல்லாமல் வழுக்கும். சந்தையில் உள்ளே ஆட்டுக் கம்பளி வைத்துத் தைத்த பூட்ஸ் வரிசை வரிசையாக இருக்கும். அளவெல்லாம் ஐரோப்பிய எண். நம் 8 அங்கே 42. ஓர் எண் கூட்டியே வாங்குங்கள். தடித்த சாக்ஸும் ஃபெல்ட் இன்சோலும் (கம்பளியை அழுத்திச் செய்த உள் அட்டை) போட்ட பிறகும் விரல்கள் அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறையும், எவ்வளவு கம்பளி போட்டாலும் கால் சில்லிட்டுப் போகும். இன்சோல் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். ஒட்டகக் கம்பளி சாக்ஸ், காதை மூடும் தொப்பி ஆகியவையும் இங்கே நன்றாக இருக்கும். கையுறையில் விரல் பிரிக்காத வகைதான் சூட்டைக் காக்கும்.

பிரபல பிராண்ட் பெயர் ஒட்டிய ஜாக்கெட்டுகளை நம்ப வேண்டாம். உள்ளே இறகா பாலியஸ்டரா என்பதை லேபிள் சொல்லாது. காஷ்மீர் கம்பளி (வெள்ளாட்டின் மென்மையான உள்முடி) என்று விற்பதிலும் அக்ரிலிக் கலந்திருக்கலாம். அதற்குக் கான்-ஊல் மாவட்டத்தில் உள்ள கோபி நிறுவனத்தின் தொழிற்சாலைக் கடைதான் சரி. 1981 முதல் இயங்கும் நிறுவனம். விலை கூடுதல், ஆனால் பேரம் பேசும் அலுப்பு இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காஷ்மீர் காற்றைத் தடுக்காது, அதன் மேல் காற்றுப்புகாத கோட்டு அவசியம்.

உள்ளாடையை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். உலான்பத்தூரின் பெரும்பாலான அலுவலகங்களை அனல்மின் நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெந்நீர்தான் சூடாக்குகிறது. செப்டம்பர் 15 முதல் மே 15 வரை இந்த ஏற்பாடு. பல கட்டடங்களில் சூட்டைக் குறைக்க ஜன்னலைத் திறப்பதுதான் வழி! தடித்த தெர்மலோடு (குளிர்கால உள்ளாடை) அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தால் வியர்க்கும்; பருத்தி பனியன் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; வெளியே வந்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல் இரண்டு செட், அதன் மேல் கழற்றி மாட்ட வசதியான ஸ்வெட்டர் போதும்.

சந்தையின் பெரும்பகுதி திறந்தவெளி என்பதால் வெறும் சட்டையோடு போய் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்ற கணக்கு நடக்காது. 2021இல் திறந்த புதிய விமான நிலையமும் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு கோட்டு, தொப்பி, கையுறை கைப்பையிலேயே இருக்கட்டும். நிலக்கரிப் புகை கடுமையாக இருக்கும் மாதங்கள் இவை. என்95 முகக்கவசமும் கூடவே.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் அதிகம், ஆகவே வார நாளில் காலையிலேயே போவது உத்தமம். விற்பவர்கள் பலர் உள்ளூர் வங்கிப் பரிமாற்றம் கேட்பார்கள். அங்கே கணக்கு இல்லாதவர்கள் நகரத்து ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மிகப் பெரிய நோட்டே 20,000 துக்ரிக் என்பதால் பணம் கட்டாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று உள்பைகளில் பிரித்து வையுங்கள். போனையும் உடம்போடு ஒட்டிய பையில் வைத்தால் திருட்டுக்கும் தப்பும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்குவதும் குறையும். பொருளைத் திருப்பிக் கொடுப்பதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பூட்ஸின் ஜிப்பைக் கடையிலேயே பத்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.