சூடேறினால் நியூட்ரல் விழாது: 52,000 கிலோமீற்றர் ஓடிய என் 100 சிசி மோட்டார் சைக்கிள்

போன கிழமை செங்கலடி மச்சான் கோல் எடுத்தான். "மச்சான், நீ ஓடுற அதே சைக்கிள் ஒண்டு விலைக்கு வந்திரிக்கு. 2017ஆம் ஆண்டு. புதுச் சைக்கிள் திரும்ப வரத் தொடங்கினதால விலையும் கொறஞ்சிரிக்கு. எடுக்கலாமா?" என்று கேட்டான். எடு என்று சொல்ல வாய் வரவில்லை. எடுக்காதே என்று சொல்ல மனம் வரவில்லை. "எழுதி அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எழுதத் தொடங்கினால் இவ்வளவு நீண்டுவிட்டது.

கம்பனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. 100 சிசி, நாலு கியர், நாலையும் முன்பக்கம் மிதித்தே போடவேண்டும், குதிகாலால் மிதித்தால் ஒவ்வொன்றாக இறங்கும். மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு நிற்கிற இந்தியச் சைக்கிள்களில் இதுவும் ஒன்று. டாங்கி எத்தனை லீற்றர், எஞ்சின் என்ன வலு என்பதெல்லாம் மச்சானுக்கே தெரியும். நான் சொல்லவேண்டியது இடதுகையையும் இடதுகாலையும் பற்றி மட்டும்தான்.

2018இல் புதிதாக எடுத்தேன். வீடு கல்லடியில், படிப்பிப்பது படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால. காலையில் ஆரையம்பதி, மண்முனைப் பாலம், பிறகு வயலுக்கு நடுவே போகிற வீதி. போய்வர 40 கிலோமீற்றர். இப்போது மீற்றரில் 52,000 தாண்டிவிட்டது.

நல்லதை முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கியரை ஏற்றவும் இறக்கவும் மிதிக்கிறதே தவிர, பெருவிரலால் கீழிருந்து தூக்குகிற வேலை இல்லை. சப்பாத்தின் மேல்தோல் இத்தனை வருடத்தில் ஒரு கோடுகூட விழாமல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, கியூஆர் கோட்டில் கிழமைக்கு 4 லீற்றர் என்று கொடுத்தார்களே, அந்த 4 லீற்றரில் ஐந்து நாளும் வேலைக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு தாந்தோன்றீஸ்வரர் கோயிலுக்கும் போனேன். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் கிளச்.

2021இல், ஏறத்தாழ 25,000 ஓடிய பிறகுதான் தொடங்கியது. காலையில் ஒரு குறையும் சொல்லமுடியாது, வெண்ணெய் மாதிரி கியர் விழும். பிரச்சினை பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போதுதான். அதுவும் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் பகல் இரண்டு மணி வெயில். மண்முனைப் பாலத்துக்கு வருகிற வழியில் மாட்டுப்பட்டி வீதியைக் கடக்கும். நூறு மாடு, பட்டிக்காரர் ஒருவர், அவசரமே இல்லை. முதலாம் கியரில் வந்து, கிளச்சைப் பிடித்து, பிரேக்கை மிதித்து நிற்கிறேன். சைக்கிள் நிற்காது. எஞ்சினைச் சில்லில் இருந்து பிரிக்கவேண்டிய கிளச் முழுக்கக் கைக்குள் இருக்கும்போதே, கயிற்றில் கட்டிய கன்று இழுப்பதுபோல் முன்னுக்கு இழுக்கும். பிரேக்கை அமத்தினால் எஞ்சின் திணறும். சரி, எந்தக் கியரிலும் இல்லாத நியூட்ரலுக்கு வருவோம் என்று குதிகாலால் மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும்.

இதில் எனக்கு வருகிற கோபத்தை விளங்கப்படுத்தவேண்டும். இந்தக் கியர் அமைப்பில் நியூட்ரல் இருப்பது கடைசியில். மற்றச் சில சைக்கிள்களில் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும், தேடித்தான் பிடிக்கவேண்டும். இதில் தேடவே தேவையில்லை. ஒன்றில் இருந்து பின்னுக்கு ஒரு மிதி, அவ்வளவுதான், பச்சை லைற் பத்தவேண்டும். தவறவே முடியாத இடத்தில் வைத்திருக்கிறான், ஆனால் உள்ளே போகவிடமாட்டான்!

சாவியை நிப்பாட்டி எஞ்சின் ஓய்ந்த அடுத்த நிமிடம், அதே குதிகால், அதே மிதி, "டக்" என்று விழுந்துவிடும். மூன்று வருடமாக இதை நான் தினமும் செய்தேன். மாட்டுப்பட்டிக்கு முன்னால் எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரல் போட்டு, பிறகு கிக் அடித்துப் புறப்படுவது. வருத்தம் எங்கே என்று சைக்கிள் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை.

முதல் கராஜில் கிளச் கேபிள் மாத்தினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. பிறகு பழைய கதை. இரண்டாவது இடத்தில், "சேர், கிளச் பிளேட் முடிஞ்சிரிக்கு, போட்டுத்தாறன்" என்றார். போட்டார். ஒரு மாதம். மூன்றாவது தடவை 2022இல், சாமான்கள் கிடைக்காத காலம். மோட்டார் சைக்கிளுக்கு ஊத்துகிற ஒயில் கடையில் இல்லை என்று ஒருவர் காருக்கு ஊத்துகிற ஒயிலை ஊத்திவிட்டார். அதோடு முழுக்க எதிர்ப்பக்கமான ஒரு வருத்தம் வந்து சேர்ந்தது. மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. எங்கள் சைக்கிள்களின் கிளச் ஒயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும். எஞ்சினுக்கு அது நல்லது, பிளேட்டைப் பிடித்து ஓடவேண்டிய கிளச்சுக்கு அது கேடு. ஒயில் போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு மச்சான், எம்பி (MB) என்றால் வேண்டாம், அது ஸ்கூட்டிகளுக்கு உரியது.

போதாக்குறைக்கு நானும் ஒரு பிழை செய்தேன். கிளச் சரியாக விடுபடவில்லை என்று நினைத்து, கைப்பிடியில் இருக்கிற நட்டைத் திருகித் திருகி கேபிளை இறுக்கிக்கொண்டே போனேன். கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடவேண்டும். அதற்குப் பிறகுதான் கிளச் விடுபடத் தொடங்கவேண்டும். நான் அந்த ஆட்டத்தையே இல்லாமல் செய்துவிட்டேன். அப்படிச் செய்தால் கையை விட்ட பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது, வழுக்கி வழுக்கிச் சூடேறும். கார் ஒயிலும் இதுவும் சேர்ந்து, போட்ட புதுப் பிளேட்டை ஆறு மாதத்தில் தின்றுவிட்டன, திரும்பவும் பிளேட் மாத்தவேண்டி வந்தது.

நாலாவது கராஜில்தான் எனக்குக் கைகால் உதறியது. "கியர் பெட்டிக்குள்ள வேல. எஞ்சின ரெண்டாப் பிரிக்கணும் சேர்" என்றார்கள். சம்பளத்தில் பாதி. ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருவரையும் திட்ட நான் இதை எழுதவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டிய நாளில் இருந்து ஊரில் ஓடியது முழுவதும் பழைய சைக்கிள்கள்தான், கராஜ் பாஸ்மார் இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டினார்கள். ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாலு இடத்திலும் நான் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்தேன். நாலு இடத்திலும் ஆறிய எஞ்சினில் கராஜ் வாசலில் ஒரு சுற்றுத்தான் ஓடிப் பார்த்தார்கள். முதல் மூன்று இடத்திலும் "நல்லாத்தானே இரிக்கி" என்றார்கள். சூடேறினால்தான் வருகிறது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை.

காதில் போட்டவர் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வயதான பாஸ். கூடப் படிப்பிக்கிற ஒரு சேர் சொல்லித்தான் போனேன். கல்லடியில் இருந்து வெயிலுக்குள் ஓடிப்போய் இறங்கி, சாவியில் கை வைக்கிறேன், "மனே, நிப்பாட்டாதீங்க" என்றார். சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றினார். முதலாம் கியர் போட்டு, கிளச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு, பின் ரயரைச் செருப்புக் காலால் அமத்திப் பார்த்தார். சில்லு நிற்கவில்லை, எஞ்சின்தான் நிற்கப் பார்த்தது. குதிகால் மிதியில் நியூட்ரல் விழவில்லை. எஞ்சினை நிப்பாட்டினார். விழுந்தது. "கியர் பெட்டி சுகமா இரிக்கி மனே. அதுக்கு வருத்தமெண்டா எஞ்சின் ஓடினாலும் நிண்டாலும் விழாது. கிளச்தான் விடுதில்ல" என்றார். மூன்று வருடக் கேள்விக்கு மூன்று நிமிடத்தில் பதில்.

ஆறவிட்டு, ஒயிலை இறக்கி, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறந்தார். எஞ்சினைப் பிரிக்கிற கதையே இல்லை. பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். உராய்கிற பிளேட்டுகள் நல்ல நிலையில் இருந்தன, போன முறைதான் மாத்தியது. அவற்றுக்கு நடுவே வருகிற இரும்புத் தட்டுகளை அவர் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியில் கிடத்தினார். இரண்டு தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, விரலால் தட்டினால் ஆடியது, நீலம் பாய்ந்திருந்தது. பிளேட் மாத்தினோம் என்று சொன்னவர்கள் இந்த இரும்புத் தட்டுகளைத் தொடவேயில்லை, பழையதையே கழுவிப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு பிளேட்டுகள் உட்காருகிற ஹவுசிங்கை வெளியே எடுத்து என் கையில் தந்தார். வாய் அகன்ற கிண்ணம், சுற்றிவர விரல் விரலாக எழும்பி நிற்கும். பிளேட்டுகளின் காதுகள் அந்த விரல்களுக்கு நடுவேதான் முன்னும் பின்னும் வழுக்கி ஓடவேண்டும். "நகத்தால தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். விரலின் பக்கவாட்டில் என் நகம் சிக்கியது. விட்டு விட்டு, ஒவ்வொரு பிளேட்டும் அடித்து அடித்துத் தோண்டிய பள்ளம், படிக்கட்டு மாதிரி. ஒரு பிளேட்டை எடுத்து உள்ளே மெல்லத் தள்ளிக் காட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் டிக், டிக் என்று நின்று நின்று போனது. கிளச்சைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் விலக வேண்டிய தூரம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். காது பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் எங்கே விலகுவது? புதுப் பிளேட் போட்டாலும் அது போய் விழுவது அதே பழைய பள்ளத்தில்தானே. நெளிந்த தட்டும் சேர்ந்து, சூட்டில் இருக்கிற இடைவெளியையும் மூடிவிடுகிறது.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். "எங்க வீடு?" என்றார். கடற்கரைப் பக்கம், ஒழுங்கை முழுக்க மணல் என்றேன். தலையாட்டினார். தினமும் இரண்டு தடவை அந்த மணலில் கிளச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு உழுதுதான் வருகிறேன். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் படுவான்கரை வீதியில் முழங்கால் தண்ணீருக்குள் சைலன்சரில் தண்ணி ஏறாமல் எஞ்சினைக் கத்தவிட்டு அரைக் கிளச்சில் கடக்கிறேன். அந்தச் சூடுதான் தட்டை நெளித்தது. இந்த ஊரில் வேறு வழியும் இல்லை. கிளச்சை முழுக்க விட்டு மணலில் போனால் சரிந்து விழவேண்டியதுதான்.

பள்ளத்தை அரத்தால் ராவலாமா என்றேன். மேலோட்டமான பள்ளம் என்றால் ராவலாம், இந்த ஆழத்துக்கு ராவினால் பிளேட் ஆடத் தொடங்கி இன்னும் வேகமாக அடிக்கும் என்றார். ஹவுசிங் கொழும்பில் இருந்து வர இரண்டு கிழமை. அதுவரை மனைவியின் ஸ்கூட்டியில் போனேன். ஹவுசிங், இரும்புத் தட்டு, பிளேட், ஸ்பிரிங், மூடியின் பெக்கிங், ஒயில் எல்லாம் சேர்த்து, முன்பு மூன்று இடத்திலும் கொடுத்த காசை விட இது கூட. அது உண்மை, மறைக்கவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. பூட்டிய கிழமையே மாட்டுப்பட்டி வந்தது. நின்றேன். சைக்கிள் அசையவில்லை. குதிகாலை வைத்ததும் பச்சை லைற். கடைசி மாடு கடந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த லைற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர்காரர் ஹோன் அடிக்கும் வரை.

இனி உன் கேள்வி மச்சான். எடுக்காதே. இவ்வளவு நன்றி சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. 2017 சைக்கிள், எங்கள் ஊர் மணலும் வெள்ளமும் பார்த்தது, அந்த ஹவுசிங் என் ஹவுசிங்கை விட நல்லாக இருக்கும் என்று என்னால் நம்பமுடியவில்லை. என்னுடையதை நான் விற்கமாட்டேன், அது வேறு கதை. அதற்குள் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எடுத்தேதான் தீருவேன் என்றால், விற்கிறவர் வீட்டு வாசலில் ஓடிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணாதே. முதலில் சங்கிலியின் தளர்வைப் பார், அது தொங்கினாலும் கியர் விழுகிற சத்தம் கெட்டுத்தான் இருக்கும், வீணாகக் கிளச்சைச் சந்தேகப்படுவாய். பிறகு செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் கரடியனாறு வரை ஓடு, வெயில் நேரத்தில். அங்கே நிப்பாட்டாமல் நடு ஸ்டாண்டில் ஏற்றி, முதலாம் கியர் போட்டு, கிளச்சைப் பிடித்துப் பின்சில்லைக் காலால் அமத்து. கிளச்சைப் பிடித்தாலும் சில்லு மெல்லச் சுற்றுவது வழமை, காலுக்கு அடங்கவேண்டும். அடங்காவிட்டால், நியூட்ரலும் எஞ்சின் நின்ற பிறகுதான் விழுகிறது என்றால், ஹவுசிங் விலையையும் தட்டுகளின் விலையையும் கழித்துக்கொண்டு பேசு.

வருகிற ஞாயிறு எனக்கு வேலை இல்லை. விற்கிறவர் சம்மதித்தால் பத்து மணிக்குப் பிறகு வருகிறேன், கரடியனாறு வரை நானே ஓடிப் பார்க்கிறேன்.