பழைய டயர் வாங்கப் போறீங்களா? கேஜ்ல காட்டுற ஆழத்தை மட்டும் நம்பாதீங்க

நாலு டயருக்குக் கொடுத்த மொத்தப் பணமும் போச்சு. ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடறேன்.

வித்தது பழைய டயர் விற்கிற கடை. "கொஞ்ச தூரம்தான் ஓடினது, பட்டன் அப்படியே இருக்கு"ன்னாங்க. பட்டன்னா ரோட்டுல படுற, பள்ளம் பள்ளமா இருக்கிற மேல் ரப்பர். வாயால சொன்னதோட நிக்கலை. ஆழம் பார்க்கிற கேஜை எடுத்து, பள்ளத்துல வச்சு அழுத்திக் காட்டினாங்க: 6 மி.மீ. புதுக் கார் டயர்லயே சுமார் 8 மி.மீ.தான் இருக்கும். இதைப் பார்த்தா யாருக்கும் நம்பிக்கை வரும். கேஜும் பொய் சொல்லலை. பள்ளம் நிஜமாவே 6 மி.மீ.தான். ஆனா அது தேய்ஞ்சு மொட்டையான டயர்ல, சூடான கத்தியால புதுசா வெட்டின பள்ளம்!

இதை வீட்டுலயே கண்டுபிடிக்கலாம். டயரோட பக்கவாட்டுல, பட்டன் தொடங்குற ஓரத்துல, சின்ன முக்கோணமோ "டி.டபிள்யூ.ஐ."ன்னோ (தேய்மானக் குறி) அச்சு இருக்கும். அதுக்கு நேரா, பெரிய பள்ளங்கள்ல குறுக்கே ஒரு ரப்பர் மேடு இருக்கணும். அதோட உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயரை மாத்திடணும். பள்ளத்துல ஒரு அளவு, மேட்டு மேல ஒரு அளவு எடுங்க. கேஜ் இல்லைன்னா வெர்னியர் காலிபரோட வால் கம்பி போதும். பள்ளம் 6 மி.மீ.ன்னா மேட்டு மேல 4.4 வாக்குல வரணும். வித்தியாசம் 3, 4ன்னு போனா பள்ளத்தோட அடியைத் தோண்டியிருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு வித்த நாலுலயும் மேடே இல்லை, கத்தி அதையும் சேர்த்துச் சீவிடுச்சு.

பட்டன் மேல முடி மாதிரி மெல்லிய கீறல்கள் இருக்குமே, அதையும் பாருங்க. வெட்டுறவங்க பெரிய பள்ளத்தோட நிறுத்திக்குவாங்க, கீறலைத் திரும்பப் போட மெனக்கெட மாட்டாங்க. பள்ளம் ஆழமா இருந்து கீறல் மட்டும் மறைஞ்சிருந்தா அந்த டயரைத் தொடவே வேண்டாம். பள்ளத்தோட அடியில கத்தி போன வரி தெரியும். அதை மறைக்கத்தான் டயர் மேல கறுப்புப் பாலிஷ் பூசிடறாங்க.

பள்ளத்துக்குக் கீழே, கம்பி அடுக்குக்கு மேல இருக்கிற ரப்பர் ரொம்ப மெல்லிசு. அதையும் வெட்டிட்டா கல்லு குத்தின இடத்துல தண்ணி இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். அப்புறம் வேகமா ஓடிச் சூடேறும்போது பட்டன் பட்டையா உரிஞ்சு வரலாம். லாரி, பஸ் டயர்கள்ல இப்படி மறுபடி வெட்டுறதுக்குன்னே கூடுதல் ரப்பர் வச்சு, "ரீகுரூவபிள்"னு அச்சும் போட்டுச் செய்வாங்க. சாதாரணக் கார் டயர் அப்படிச் செஞ்சது இல்லை.

போய்க் கேட்டா, "கேஜ்ல நீங்களே பார்த்துத்தானே வாங்கினீங்க?" அடுத்து, "ரிம்ல ஏத்தின டயரைத் திரும்ப எடுக்கிறதில்லை." அப்புறம் முதலாளி வெளியூர் போயிட்டார்னாங்க. இப்ப போனையே எடுக்கிறதில்லை. நாலு டயரோட மொத்தப் பணம்! ரசீதுல "டயர் 4"ன்னு மட்டும் எழுதியிருக்கு.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்ப பொறுமை இல்லை. டயரை ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே உள்பக்கமும் பாருங்க, ஒட்டுப் போட்டது அப்பத்தான் தெரியும். ஆழத்தை அவங்க காட்டுற ஒரே இடத்துல பார்க்காம உள்ஓரம், நடு, வெளிஓரம் மூணுலயும், டயரைச் சுத்தி நாலு இடத்துலயும் பாருங்க. ஏற்கெனவே மாட்டியாச்சுன்னா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன் டயரோட உள்ஓரம் தெரியும். டயரோட பக்கவாட்டுல "டி.ஓ.டி."ன்னு தொடங்குற எண் இருக்கும், அதோட கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும்: 2319ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். அது டயரோட ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், காணோம்னா மறுபக்கம் திருப்பிப் பாருங்க. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த எண்ணை நாலு டயருக்கும் தனித்தனியா ரசீதுல எழுதி வாங்குங்க. எழுத மாட்டோம்னா அந்தக் கடையே வேண்டாம்.